கோழிக்கூட்டில் ஒரு பல்கலைக்கழகம்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

உண்மையைத் தேடி அறிஞர்கள் சென்ற இடங்கள் பற்பல. கலிலியோ தம் தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பினார். டார்வின் பீகிள் கப்பலேறிக் கலாபகஸ் தீவுகள் வரை சென்றார். மேரி கியூரி அம்மையார் டன் கணக்கான கனிமத்தைக் காய்ச்சி வடித்து ரேடியத்தைப் பிரித்தெடுத்தார். நார்வே நாட்டில் ஒரு சிறுவனோ தொலைதூரம் எங்கும் செல்லவில்லை. கோழிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தான். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது, எது கொத்து வாங்கிக்கொண்டு ஒதுங்குகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். அந்த எழுத்தின் பயனாக உலக மொழிகளுக்கு ஒரு புதிய சொல்லே கிடைத்தது. அச்சொல்தான் கொத்து வரிசை.

ஆங்கிலத்தில் பெக்கிங் ஆர்டர் என்பார்கள். இன்று அலுவலகங்களிலும் அரசியல் மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் இச்சொல் அடிபடுகிறது. யார் பெரியவர், யார் அவருக்கு அடுத்தவர், யார் கடைசி ஆள் என்னும் பொருளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு அது கோழிக்கூட்டிலிருந்து வந்த சொல் என்பதே தெரியாது. அதைக் கண்டு சொன்ன தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே என்னும் அறிஞரின் பெயர் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. விலங்கு நடத்தையியல் பாடநூலில் அவர் பெயர் ஒரே ஒரு வரியில் வருகிறது. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வாழ்க்கை இருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின. நான் அறிந்ததை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிறப்பும் பெற்றோரும்

தோர்லைஃப் 1894ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் நார்வேயின் தலைநகரில் பிறந்தார். அந்நகர் அன்று கிறிஸ்தியானியா என்று வழங்கப்பட்டது. 1925ஆம் ஆண்டு முதல்தான் அதற்கு ஆஸ்லோ என்னும் பழம்பெயர் மீண்டும் வந்தது. தந்தையார் ஆக்ஸல் எப்பே சுவீடன் நாட்டுச் சிற்பி. தாயார் மெங்கா ஷெல்டெருப் நார்வே நாட்டுக் கலைஞர். அவரும் சிற்பம் வடித்தவரே. இருவர் குடும்பப் பெயரும் இணைந்தே மகனுக்குப் பெயராயிற்று.

சிற்பிகளின் பிள்ளைக்குக் கண் கூர்மையாக இருந்ததில் வியப்பில்லை. கல்லில் உருவம் காண்பவன் முதலில் உற்று நோக்கப் பழக வேண்டும். தந்தையார் செய்த சிலைகளில் ஒன்று சுவீடனின் மால்மோ நகரச் சதுக்கத்தில் இன்றும் நிற்கிறது. உழைப்பின் பெருமை என்பது அதன் பெயர். கனத்த பாறை ஒன்றை உழைப்பாளர் பலர் சேர்ந்து தூக்கிப் பிடிக்கும் காட்சி அது. ஒருவர் கை விட்டாலும் மற்றவர் மேல் சுமை இறங்கும். இந்தச் சிலையைப் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மகன் கண்ட உலகம் இதற்கு நேர்மாறாக அமைந்ததை அடுத்துக் காண்போம்.

கோழிகளின் தோழன்

கோடைக்காலத்தில் நாட்டுப்புறத்து வீட்டில் போய்த் தங்குவது அந்நாட்டு நகரத்தார் வழக்கம். தோர்லைஃபுக்கு ஏறத்தாழ ஆறு வயது இருக்கும்போது அப்படிப்பட்ட ஓரிடத்தில் கோழிகள் மீது பற்று உண்டாயிற்று. பிள்ளைகள் கோழிக்குஞ்சைக் கையில் எடுத்துக் கொஞ்சுவது எங்கும் உள்ளதுதான். இந்தப் பிள்ளை கொஞ்சியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கோழியையும் தனித்தனியே அடையாளம் கண்டுகொண்டான். பத்து வயதிலேயே குறிப்பேடு எழுதத் தொடங்கிவிட்டான் என்று கூறுவர். கோழிகளின் கொண்டை, தாடி, நடை, குரல் ஆகியவற்றால் அவற்றைப் பிரித்தறிவது அவனுக்குக் கைவந்த கலையாயிற்று.

நாம் பார்த்தால் அது வெறும் கோழிக்கூட்டம். தீனியைத் தூவினால் எல்லாம் ஓடி வரும், ஒன்றையொன்று இடித்துத் தள்ளும், சண்டை போடும், அவ்வளவுதான் என்போம். அச்சிறுவன் அந்த இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டான். முதலாவது கோழி இரண்டாவதைக் கொத்தினால், இரண்டாவது முதலாவதைத் திருப்பிக் கொத்துவதில்லை. இன்றும் கொத்தாது, நாளையும் கொத்தாது. எந்த இரண்டு கோழிகளை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் ஒன்று மேல், மற்றொன்று கீழ்.

1913ஆம் ஆண்டு, இருபது வயது நிரம்பாத இளைஞராக இருந்தபோதே, கோழிகளின் குரலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை நார்வே நாட்டு அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. இடர் கண்டால் ஒரு குரல், இரை கண்டால் ஒரு குரல், முட்டையிட்டால் ஒரு குரல் என்று கோழிக்கும் ஒரு பேச்சு உண்டு. நம் வீடுகளில் பருந்து வட்டமிடும்போது தாய்க்கோழி எழுப்பும் ஒலியைக் கேட்டுக் குஞ்சுகள் சிறகுக்குள் ஓடி ஒளிவதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள்.

கொத்து வரிசை என்பது என்ன?

அவருடைய கண்டுபிடிப்பைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். ஒரு கூட்டில் பன்னிரண்டு கோழிகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66 இணைகள் கிடைக்கும். இந்த 66 இணைகளிலும் யார் மேல், யார் கீழ் என்பது தனித்தனியே முடிவாகிவிடுகிறது. முதற்சந்திப்பில் ஒரு சிறு சண்டை நடக்கலாம். சில வேளைகளில் சண்டைகூட இன்றி ஒன்று தலையைத் தாழ்த்தி ஒதுங்கிவிடலாம். முடிவானபின் அந்த முடிவு நெடுநாள் நிற்கிறது. மேலிருக்கும் கோழி ஒரு பார்வை பார்த்தாலே போதும். கீழிருப்பது தீனித்தட்டை விட்டு நகர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கோழி இருக்கும். அது யாரையும் கொத்தலாம். அதை யாரும் கொத்தார். எல்லாவற்றுக்கும் கீழாக ஒரு கோழி இருக்கும். எல்லோரிடமும் கொத்து வாங்குவது அதன் தலையெழுத்து. இடையில் உள்ளவை மேலே வாங்கிக் கீழே கொடுக்கும். வரிசை எப்போதும் ஏணிப்படி போல நேராக இருப்பதில்லை என்பதையும் அவர் கவனித்தார். முதற்கோழி இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், ஆனால் அந்த மூன்றாவதோ முதற்கோழியையே அடக்கிவிடும். இப்படிப்பட்ட முக்கோணங்களும் கூட்டில் உண்டு. வலிமை ஒன்றே காரணமாயின் இது நடக்குமா? நடக்காது. முதன்முதலாகச் சந்தித்த நாளில் எது நோயுற்றிருந்தது, எது இறகு உதிர்த்துக்கொண்டிருந்தது, எது தன் சொந்தக் கூட்டில் நின்றது, எது புதிதாக வந்தது என்பனவெல்லாம் வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன. ஒருநாள் நேர்ந்த தோல்வி பின்னர் அதன் தகுதியாகவே நிலைத்துவிடுகிறது. இதைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சிந்தனையில் இருந்தேன்.

இவ்வொழுங்கு நிலைபெற வேண்டுமானால் கோழிகள் ஒன்றையொன்று முகம் அறிந்திருக்க வேண்டும். நினைவும் வைத்திருக்க வேண்டும். மூளையற்ற பறவை என்று நாம் ஏளனம் செய்யும் கோழிக்கு இவ்வளவு நினைவாற்றலா என்று வியக்கத் தோன்றுகிறதல்லவா? தலைப்பகுதியையும் கொண்டையையும் கொண்டே அவை பெரிதும் அடையாளம் காண்கின்றன என்பது பிற்கால ஆய்வுகளால் உறுதியாயிற்று.

பல்கலைக்கழகமும் பகையும்

தோர்லைஃப் தலைநகரில் விலங்கியல் பயின்றார். அங்கே பேராசிரியராக விளங்கியவர் கிறிஸ்தீன் பொன்னெவி அம்மையார். 1912ஆம் ஆண்டு நார்வேயின் முதற்பெண் பேராசிரியர் என்னும் பெருமையைப் பெற்றவர் அவர். பெண்கள் பல்கலைக்கழக வாயிலைக் கடப்பதே அரிதாயிருந்த காலத்தில் தம் உழைப்பால் உயர்ந்தவர். மாணவருக்கும் பேராசிரியருக்கும் தொடக்கத்தில் நல்லுறவே இருந்தது. பின்னர் அம்மையாரை எள்ளி நகையாடும் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதை எழுதியவர் தோர்லைஃப்தான் என்று கருதப்பட்டது. அவர் அதை எழுதவில்லை என்பது அவர் குடும்பத்தார் கூற்று. எது எவ்வாறாயினும் உறவு முறிந்தது. முறிந்த உறவு ஒட்டவே இல்லை.

தாய்நாட்டில் வழி அடைபடவே அவர் ஜெர்மனியை நாடினார். கிரைஃப்ஸ்வால்டு பல்கலைக்கழகத்தில் 1921ஆம் ஆண்டு கோழியின் அன்றாட வாழ்க்கை பற்றிய ஆய்வேட்டை அளித்தார். அடுத்த ஆண்டு, 1922இல், வீட்டுக்கோழியின் சமூக உளவியல் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை ஜெர்மானிய உளவியல் இதழில் வெளிவந்தது. கோழிகளைக் கொண்டு உளவியல் ஆய்வு செய்துவந்த டேவிட் காட்ஸ் என்னும் அறிஞரின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. கொத்து வரிசை உலகறிந்தது இவ்வாறுதான். பத்து வயதில் தொடங்கிய குறிப்பேடு இருபத்தெட்டாம் வயதில் அரங்கேறியது என்றால் அந்த உழைப்பின் நீளத்தை எண்ணிப் பாருங்கள்.

வெளிநாட்டில் பெயர் பெற்ற பின்னரும் தாய்நாட்டில் அவருக்குத் தக்க பல்கலைக்கழகப் பதவி வாய்க்கவில்லை. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. வாத்து முதலிய வேறு பறவைகளையும் ஆராய்ந்தார். கவிதைகளும் எழுதினார். அவருடைய மகன் டாக் ஷெல்டெருப்-எப்பே பிற்காலத்தில் இசை ஆராய்ச்சியில் பெயர் பெற்றார். தந்தையைப் பற்றி உலகுக்குத் தெரிந்தவற்றுள் பல அம்மகன் நினைவுகூர்ந்து சொன்னவையே.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. கூட்டின் கடைசிக் கோழி மூலையில் ஒதுங்கி நிற்பதை ஊருக்குச் சொன்னவர், தம் துறையாரின் கூட்டில் தாமே மூலையில் ஒதுங்கி நிற்க நேர்ந்தது. ஒரு நாள் சந்திப்பில் நேர்ந்த தோல்வி நெடுங்காலம் நிற்கும் என்று கோழியிடம் கண்டவர், அதை மனிதரிடத்தும் கண்டார்.

கொடுங்கோன்மையா, ஒழுங்கா?

1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்ல் மர்ச்சிசன் என்பவர் சமூக உளவியல் கையேடு ஒன்றைத் தொகுத்தார். அதில் பறவைகளின் சமூக வாழ்க்கை பற்றித் தோர்லைஃப் எழுதினார். அதற்குள் அவருடைய எண்ணம் கோழிக்கூட்டைத் தாண்டி வெகுதூரம் சென்றுவிட்டது. உயிர்கள் இரண்டு சேரும் இடத்திலெல்லாம் ஒன்று அடக்கும், ஒன்று அடங்கும். கொடுங்கோன்மையே உலகத்தின் அடிப்படை என்னும் அளவுக்கு அவர் போய்விட்டார். அவர் பட்ட துன்பம் இந்த முடிவில் ஒரு பங்கு வகித்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் நான் அப்பெருமகனாரோடு உடன்பட முடியவில்லை. மறுத்துச் சொல்ல நான் யார் என்று கேட்கலாம். மறுப்பவன் நானல்லன், கோழிகளே மறுக்கின்றன.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் வார்டர் ஆலீ என்னும் பேராசிரியர் தம் மாணவர்களோடு இவ்வாய்வைத் தொடர்ந்தார். 1944ஆம் ஆண்டு குல் என்பவரும் அவரும் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டனர். சில கோழிக்கூட்டங்களை அப்படியே கலைக்காமல் வைத்தார்கள். வேறு சில கூட்டங்களில் அடிக்கடி ஒரு கோழியை எடுத்துவிட்டுப் புதிய கோழியை விட்டுக்கொண்டே இருந்தார்கள். கலைக்காத கூட்டத்தில் வரிசை நிலைபெற்றது, கொத்தும் குறைந்தது. கலைத்துக்கொண்டே இருந்த கூட்டத்தில் கொத்து ஓயவில்லை. அக்கோழிகள் தீனி குறைவாகத் தின்றன, எடை குன்றின, முட்டையும் குறைவாக இட்டன.

இதன் பொருள் என்ன? கொத்து வரிசை என்பது சண்டை போடுவதற்காக ஏற்பட்டதன்று. சண்டை நாள்தோறும் நடவாமல் இருப்பதற்காக ஏற்பட்டது. ஒருமுறை முடிவானதை மறுநாளும் போராடித் தீர்க்க வேண்டியதில்லை. இரத்தம் சிந்தும் கூட்டைக் கண்டால், அங்கே வரிசை இருப்பதால் இரத்தம் சிந்துகிறது என்று கொள்ளலாகாது. பெரும்பாலும் அங்கே வரிசை கலைந்துவிட்டது என்றோ, கீழிருப்பது ஒதுங்குவதற்கு இடமே இல்லை என்றோ, வேறு ஏதோ குறை இருக்கிறது என்றோதான் கொள்ள வேண்டும். காயத்திற்குக் காரணம் தேடும்போது கோழியின் குணத்தோடு கூட்டின் அமைப்பையும் பார்க்க வேண்டும் என்பதே நான் இந்த வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்.

கூட்டில் காயம்பட்டால்

எங்கள் வீட்டில் பதினோரு நாட்டுக்கோழிகள் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அப்பா சந்தையில் இரண்டு விடைக்கோழிகள் வாங்கி வந்தார். அப்பத்தா அவற்றை உடனே பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்தார்கள். பழைய கோழிகள் பஞ்சாரத்தைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தன. புதியவை உள்ளிருந்தே பார்த்தன. மறுநாள் காற்றில் பஞ்சாரம் புரண்டது. அரை மணி நேரத்திற்குள் ஒன்றின் கொண்டை கிழிந்து இரத்தம் வழிந்தது. அப்போது அப்பத்தா செய்ததையும், பின்னர் நான் நூலகத்தில் படித்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒத்திருந்தன. கோழி வளர்க்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, காயம்பட்ட கோழியை அந்த நொடியே பிரிக்க வேண்டும். சிவப்பு நிறம் கோழிகளை ஈர்க்கும். ஒன்று கொத்திய இடத்தில் மற்றவையும் கொத்தத் தொடங்கினால் உயிருக்கே கேடு. உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரால் புண்ணைக் கழுவ வேண்டும். அப்பத்தா மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினார்கள். ஈ மொய்த்துப் புழு வைக்காமல் இருக்க அது உதவும் என்றார்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, கண்ணில் பட்டிருந்தாலோ கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுபோவதே முறை.

இரண்டாவது, பிரித்த கோழியை மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் நெடுநாள் வைக்கலாகாது. சில வாரங்கள் காணாதிருந்தால் பழைய தோழியே புதிய பகைவர் ஆகிவிடுவார். வரிசையை மீண்டும் முதலிலிருந்து போராடித் தீர்க்க வேண்டி வரும். இதற்குப் பஞ்சாரத்தைவிடச் சிறந்த கருவி இல்லை. மூங்கில் சிம்புகளின் இடைவெளி வழியே முகம் தெரியும், மூக்கு எட்டாது. மேல்நாட்டார் கம்பிவலைத் தடுப்பு வைத்துச் செய்வதை நம் பாட்டிமார் பஞ்சாரத்தால் செய்துவிட்டார்கள்!

மூன்றாவது, மீண்டும் சேர்க்கும்போது இருட்டியபின் கூட்டில் விட வேண்டும். இருளில் கோழி சண்டைக்குப் போகாது. பொழுது விடியும்போது எல்லாம் ஒரே கூட்டிலிருந்து இறங்கி வரும். ஒற்றைக் கோழியாக விடாமல் இரண்டாக விடுவது இன்னும் நல்லது, கொத்து பங்கிடப்படும். ஒரே கோழி ஓயாமல் மற்றவற்றைத் துன்புறுத்தினால் அந்த முரட்டுக் கோழியைச் சில நாள் பிரித்து வைக்கலாம். திரும்பி வரும்போது அதன் செருக்குப் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

நான்காவது, தீனித்தட்டும் தண்ணீர்ச் சட்டியும் ஒன்றுக்கு மேல் வேண்டும். அவை ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருக்க வேண்டும். ஒரே தட்டை வைத்தால் மேலிருக்கும் கோழி அதைக் காவல் காக்கும். கடைசிக் கோழி பட்டினி கிடக்கும். ஒதுங்கி நிற்க ஒரு மறைவும், பறந்து ஏற ஒரு கட்டையும் இருந்தால் அடிபடுவது பாதியாகக் குறையும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

ஐந்தாவது, கொத்து எல்லாம் ஒரே வகை அன்று. தலையிலும் கொண்டையிலும் கொத்துவது வரிசைக்கான கொத்து. முதுகிலும் வாலடியிலும் இறகைப் பிடுங்குவது வேறு. அது பகையால் வருவதன்று என்று ஆய்வாளர் கூறுகின்றனர். மண்ணைக் கிளறி இரை தேட வேண்டிய பறவைக்குக் கிளற மண்ணில்லாதபோது அது அடுத்ததன் இறகைக் கிளறுகிறது. தீனியில் புரதமோ உப்போ குறைந்தாலும், இடம் நெருக்கமானாலும், வெளிச்சம் மிகுந்தாலும் இத்தீமை பெருகும். கிளறக் குப்பைமேடும், கொத்தித் தின்னக் கட்டித் தொங்கவிட்ட கீரைக்கட்டும், அவ்வப்போது கொஞ்சம் கரையானும் கொடுத்தால் அலகுக்கு வேலை கிடைத்துவிடும்.

பெரும் பண்ணைகளில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். குஞ்சுப் பருவத்திலேயே அலகின் நுனியை வெட்டிவிடுவது அவ்வழி. அலகு வெறும் நகம் போன்றதன்று; அதில் நரம்பு ஓடுகிறது; வெட்டினால் வலிக்கும். நம் நாட்டுப் பண்ணைகளிலும் இவ்வழக்கம் உண்டு. தோர்லைஃப் பிறந்த நார்வேயோ 1974ஆம் ஆண்டிலேயே அதைத் தடை செய்துவிட்டது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். கொத்துவதைக் கண்டு சொன்னவரின் நாடு, அலகை வெட்டாமல் கூட்டைத் திருத்துங்கள் என்று சட்டம் செய்தது பொருத்தமாகவே அமைந்தது.

இன்னொன்றும் சொல்லத் தக்கது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மியூர் என்பவர் 1996ஆம் ஆண்டு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். அதிக முட்டையிட்ட தனிக்கோழியைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதற்குப் பதிலாக, ஒரே கூண்டில் சேர்ந்து வாழ்ந்து நன்கு முட்டையிட்ட கூட்டத்தையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார். சில தலைமுறைகளுக்குள் கொத்துப்பட்டும் பிறவாறும் இறக்கும் கோழிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, முட்டை மிகுந்தது. அலகை வெட்டாமலே கண்ட பயன் இது. தனித்து முந்துவதைவிடச் சேர்ந்து வாழ்வதைத் தேர்ந்தெடுத்தால் கோழியின் குணமே மாறுகிறது. தந்தை ஆக்ஸல் எப்பே வடித்த சிலையில் எல்லாரும் சேர்ந்து பாறையைத் தாங்கிய காட்சி என் நினைவுக்கு வந்தது. மகன் கண்டதும் உண்மை. தந்தை வடித்ததும் உண்மை. இரண்டுக்கும் கோழிக்கூட்டில் இடம் இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

கோழியின் கதையை மனிதர் மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது அறிவியலாகாது என்று எங்கள் ஆசிரியர்கள் வகுப்பில் எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மறவாமல் ஒன்று மட்டும் கூறுகிறேன். கல்லூரிக்கும் ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். மூத்த மாணவர் முதலாண்டு மாணவரைக் கேலி என்ற பெயரில் துன்புறுத்திய கொடுமை ஒரு காலத்தில் உயிரையும் பறித்தது. தமிழ்நாட்டில் அதைத் தடுக்க 1997ஆம் ஆண்டு சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. கோழிக்குச் சட்டம் தெரியாது; அதற்குப் பஞ்சாரம் வேண்டும். நமக்குச் சட்டமும் தெரியும், சிந்தனையும் உண்டு. புதிதாக வருபவருக்கு ஒதுங்க ஓரிடமும், உண்ண ஒரு தட்டும், முகம் பழகச் சில நாளும் தருவது கோழிக்கே தேவைப்படும்போது மனிதருக்குத் தேவைப்படாதா?

விடுதியில் கடைசியாக வந்து சேர்ந்த நண்பனுக்கு எந்தக் கட்டில் கிடைக்கிறது, உணவுக்கூடத்தில் யார் தனியே உட்காருகிறான், வகுப்பில் யாருடைய பேச்சைக் கேட்டு எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று பார்த்தால் நம்மிடையே உள்ள வரிசையும் தெரியவரும். வரிசை இருப்பது குற்றமன்று. கடைசியில் நிற்பவனுக்கு ஒதுங்கக்கூட இடமில்லாமல் செய்வதுதான் குற்றம்.

தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே 1976ஆம் ஆண்டு ஆஸ்லோவில் மறைந்தார். அவருக்கு வயது 81. அவர் மறைவதற்கு முன்பே அவருடைய சொல் உலகெங்கும் பரவிவிட்டது, பெயர்தான் பின்தங்கிவிட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கண்ணையும் குறிப்பேட்டையும் மட்டும் துணைக்கொண்டு, எல்லாரும் நாள்தோறும் பார்த்துவிட்டுப் போன ஒன்றை முதன்முதலாகப் பார்த்தவர் அவர். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கருவிகள் குறைவு என்று நாம் வருந்துவதுண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனாலும் கொல்லைப்புறமும் குறிப்பேடும் எவருக்கும் மறுக்கப்படவில்லை. கிராமத்திலிருந்து வந்து படிக்கும் நம்மில் பலருடைய வீட்டில் கோழி உண்டு, ஆடு உண்டு, மாடு உண்டு. அவற்றுள் இன்னும் எவரும் எழுதாத உண்மைகள் எத்தனையோ! அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் எடுத்துச் செல்லட்டும். தீனி தூவும் வேளையில் அரை மணி நேரம் அமர்ந்து, எது எதைக் கொத்துகிறது என்று எழுதிப் பார்க்கட்டும். எழுதியதை அடுத்த ஆண்டு மலரில் படிக்க நான் ஆவலோடு காத்திருப்பேன்.